அப்பா எழுதிய பதில்

முதலில் கழன்றது செருப்பு. கொல்கத்தாவில், டாலிகஞ்ச் மெட்ரோ ஸ்டேஷனில் படியேறிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த ஒருவர், "திதி, உங்க செருப்பு!" என்று வங்காள மொழியில் கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தால், நாலு படிக்குக் கீழே என் இடது கால் செருப்பு கிடக்கிறது. நாலு படி வெறுங்காலோடு ஏறியிருக்கிறேன். கால் எனக்குச் சொல்லவே இல்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். அன்று எனக்கு அவசரம். எனக்கு எப்போதுமே அவசரம்தான். நியூ டவுனில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு, முப்பத்தொரு வயதில் அதை விட்டுவிட்டு, தெரபிஸ்ட் ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்தேன். மனம் நொந்து வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசும் வேலை. இரண்டு வருடப் படிப்பில் இரண்டாவது வருடம். பவானிபூரில் ஒரு சின்ன மையத்தில் பயிற்சி. வாரத்துக்கு நாலு பேர் என்னிடம் வந்துகொண்டிருந்தார்கள். அந்த வாரம் நாலு மூன்றாகியிருந்தது. ஒருவர் "இனிமேல் வரவில்லை" என்று செய்தி அனுப்பிவிட்டார்.

அவரைப் பற்றி இங்கே ஒரு வரிகூட எழுத மாட்டேன். அதற்கு எனக்கு உரிமை இல்லை. ஏன் நின்றுவிட்டார் என்பதை மட்டும் சொல்லலாம், ஏனென்றால் அது என்னைப் பற்றியது. நான் அவரைப் பேச விடவில்லை. அவர் ஒரு நொடி மௌனமானால் போதும், அந்த இடத்தில் ஒரு கேள்வியையோ ஆறுதலையோ கொண்டுபோய் வைத்துவிடுவேன்.

எங்கள் பயிற்சியைக் கவனித்துக்கொண்ட ரூபா தி என்னைத் திட்டவில்லை. (அக்காவை இங்கே 'திதி' என்பார்கள், பெயரோடு சேர்த்தால் 'தி'.) ஒரு வேலை கொடுத்தார்.

"ஒரு கதை எழுது, கோமதி. ஒருத்தர் தெரபிக்கு வர்றார். நீ அவரா உட்கார்ந்து எழுது. எதிர்ல இருக்கிற தெரபிஸ்ட் அவருக்கு எப்படித் தெரியறாள்னு பார். ஆனா முழுக்கக் கற்பனையா இருக்கணும். உன்கிட்ட வர்றவங்க யாரோட மூக்கு நுனிகூட அதுல தெரியக் கூடாது."

"எந்த பாஷையில எழுதறது?"

"வீட்டுல உன்னை எந்த பாஷையில திட்டினாங்களோ அதுல."

"உங்களுக்குத் தமிழ் படிக்க வராதே."

"நான் படிக்கப் போறேன்னு சொன்னேனா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. நான் கொல்கத்தாவிலேயே பிறந்தவள். அப்பாவின் தாத்தா இங்கே ஒரு கம்பெனிக் கணக்கராக வந்ததோடு எங்கள் ஊர் இதுவாகிவிட்டது. வீட்டில் தமிழ் பேசுவோம். படிப்பது எழுத்துக் கூட்டித்தான். எழுதினால் ஒற்று ஓடிவிடும். இந்தப் பக்கங்களைக்கூட நான் பேசப் பேச, போன்தான் எழுத்தாக்கித் தருகிறது. பிழை திருத்துவது அப்பா. அவரைப் பற்றி எழுதியிருப்பதையும் அவரே திருத்தினார். "இருக்கட்டும்" என்றார்.

செருப்பு கழன்ற மறுநாள் உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல இருந்தது. மூன்றாம் நாள் கட்டிலிலிருந்து எழ, சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. தெருக்கோடி டாக்டர் சத்து ஊசி போட்டுவிட்டு, "படிப்பு டென்ஷனா?" என்று கேட்டார். ஆமாம் என்று நானே தலையாட்டினேன். மனசைப் பற்றிப் படிக்கிறவளுக்கு உடம்பில் வந்தாலும் மனசு என்றுதான் தோன்றும் போலிருக்கிறது. நாலாம் நாள் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. அப்பா தரையைத் துடைக்கவில்லை. போனை எடுத்து டாக்ஸி கூப்பிட்டார்.

பைபாஸ் ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நரம்பு டாக்டர் என்னைவிடச் சின்னவராகத் தெரிந்தார். கையில் ரப்பர் சுத்தியல். முட்டிக்குக் கீழே தட்டினார், கால் துள்ளவில்லை. மறுபடி தட்டினார். எங்கே தட்டினாலும் ஒன்றும் துள்ளவில்லை. அவர் முகத்தில் ஒரு அமைதி வந்தது. அந்த அமைதிதான் என்னைப் பயமுறுத்தியது.

"சமீபத்துல வயித்துப்போக்கு ஏதாவது இருந்ததா?"

இரண்டு வாரத்துக்கு முன்னால் இருந்தது. தெருவில் ஃபுச்கா, அதாவது பானிபூரி, சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் படுத்திருந்தேன்.

கில்லன்-பாரே என்று ஒரு நோய். ஆஸ்பத்திரியில் ஜி.பி.எஸ். என்பார்கள். வயிற்றுக்குள் வந்த கிருமியை விரட்டுவதற்கு உடம்பு ஒரு படையைக் கிளப்புகிறது. கிருமி போன பிறகும் படை திரும்பிப் போவதில்லை. நம்முடைய நரம்பின் மேலுறையையே எதிரி என்று நினைத்து அரிக்கத் தொடங்குகிறது. மின்சாரக் கம்பியின் ரப்பர் உறை போனால் எப்படியோ அப்படி. மூளை 'காலைத் தூக்கு' என்று சொல்கிறது, சேதி போய்ச் சேர்வதில்லை. காலில் தொடங்கி மேலே ஏறும். பெரும்பாலானவர்கள் தேறிவிடுவார்கள். ஆனால் அதற்கு முன்னால் எவ்வளவு உயரம் ஏறும் என்று யாருக்கும் தெரியாது.

உறுதி செய்ய இரண்டு பரிசோதனைகள். ஒன்றில் கையிலும் காலிலும் சின்னச் சின்ன ஷாக் கொடுத்து, சேதி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்தார்கள். இன்னொன்றில் என்னை ஒரு பக்கமாகச் சுருட்டிப் படுக்கவைத்து, முதுகுத்தண்டின் கீழே ஊசி செருகி நீர் எடுத்தார்கள். ஊசியைவிட, அசையாமல் இரு என்று சொன்னதுதான் கொடுமை. மருந்து, ரத்தம் கொடுத்த பலருடைய பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் பொருள். ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். அதன் விலையை என்னிடம் யாரும் சொல்லவில்லை. இன்ஷூரன்ஸ் கவுண்டருக்கும் கட்டிலுக்குமாக அப்பா நடந்த நடையிலிருந்து நானே ஊகித்துக்கொண்டேன்.

தினமும் மூன்று வேளை ஒரு வினோதப் பரீட்சை இருந்தது. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, ஒரே மூச்சில் எண்ண வேண்டும். நெஞ்சுத் தசைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று அதிலிருந்து தெரியும். முதல் நாள் முப்பத்திரண்டு வரை போனேன். தமிழில் எண்ணினால் வார்த்தை நீளம், சீக்கிரம் மூச்சு தீர்ந்துவிடும் என்று ஏக், துய், தீன் என்று வங்காளத்தில் எண்ணினேன். பரீட்சையில் காப்பியடிப்பது போலத்தான்.

முதல் வாரம் பொது வார்டு. இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையாது. கை தோளுக்கு மேல் போகாது. விரலால் பேனா பிடிக்க முடியாது. உடம்பு கல் மாதிரி கிடக்க, உள்ளே மட்டும் நான் ஓடிக்கொண்டே இருந்தேன். தொடையில் ஒரு வலி, எப்படிப் படுத்தாலும் தப்பாகப் படுத்திருப்பது போல. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம், "மாசி, திருப்பிவிடுங்க" என்பேன். கூட இருந்து பார்த்துக்கொள்ளும் ஆயாவை இங்கே மாசி என்று கூப்பிடுவார்கள். என் மாலதி மாசி, "ஆபார்?" என்பாள். மறுபடியுமா என்று அர்த்தம். சொல்லிக்கொண்டே திருப்பிவிடுவாள். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை.

பார்வையாளர் நேரம் நாலு மணியிலிருந்து ஆறு. அப்பா மூன்றே முக்காலுக்கே கீழே வந்து நிற்பார். அவர் பேங்க்கிலிருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன ஐந்து வருடமாக நாங்கள் இரண்டு பேர்தான் வீட்டில். பேச்சு, 'பால் வாங்கியாச்சா', 'லைட்டை அணை' என்ற அளவில்தான் இருந்தது.

அப்படிப் படுத்துக் கிடக்கப் பொறுக்காமல்தான் ரூபா தி கொடுத்த வேலை ஞாபகம் வந்தது. "அப்பா, நான் சொல்லச் சொல்ல எழுதறீங்களா?" என்று கேட்டேன். மறுநாள் ஒரு பழைய பேங்க் டைரியோடு வந்தார். தமிழில் சொன்னேன். மாசிக்குப் புரியாது என்பதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

என் கதையில் சபாபதி என்று ஒருவர். தூக்கம் வரவில்லை என்று தெரபிக்கு வருகிறார். எதிரே உட்கார்ந்திருப்பவள் பெயர் நீலா.

"'உங்களுக்குள் இப்போது என்ன உணர்வு வருகிறது?' என்று நீலா கேட்டாள்," என்றேன்.

அப்பா எழுதவில்லை. "இப்படியா கேப்பாங்க? மனுஷன் இப்பத்தான் வந்து உக்காந்திருக்கான். ஒரு வாய் தண்ணி குடுக்கச் சொல்லேன்."

"நீங்க எழுதுங்கப்பா."

"எழுதறேன். ஆனா இவ ரொம்பப் பேசறா."

இரண்டு நாள் இப்படிப் போனது. சபாபதி வாயைத் திறப்பதற்குள் நீலா நாலு கேள்வி கேட்டாள். அப்பா தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். மூன்றாவது நாள் நான், "'உங்கள் மனைவி இறந்த அன்று என்ன நடந்தது?' என்று நீலா கேட்டாள்," என்றேன்.

அப்பா பேனாவை மூடினார்.

"இது யாரு, கோமதி?"

"யாரும் இல்லப்பா. கற்பனை."

"ரிடையர் ஆனவன். பொண்டாட்டி போயிட்டா. தூக்கம் வரல. வீடு டாலிகஞ்ச்ல இருக்குன்னு ஒண்ணுதான் நீ சொல்லல."

சத்தியமாக நான் அப்படி நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். வந்தவர்களுடைய மூக்கு நுனி தெரியக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, வீட்டிலிருப்பவரை முழுசாகக் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறேன்.

"அப்பா, அதைப் பத்திப் பேசறது நல்லதுதானே? நீங்க யார்கிட்டயும்..."

"நான் உன் பாடப்புஸ்தகம் இல்ல," என்றார். சத்தம் போடவில்லை. டைரியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மணி அடிக்க இருபது நிமிஷம் இருக்கும்போதே போய்விட்டார்.

மறுநாள் காலை ஒரே மூச்சில் பதினேழு எண்ணினேன். மத்தியானம் பதினொன்று. விழுங்கும்போது தண்ணீர் மூக்கில் ஏறியது. கண்ணிமை மூட மறுத்தது. இளம் டாக்டர் ஓடி வரவில்லை, வேகமாக நடந்து வந்தார். ஒரு மணி நேரத்தில் என்னை ஐ.சி.யூ.வுக்கு மாற்றிவிட்டார்கள். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஒரு முகமூடி. அதன் வழியாக ஒரு இயந்திரம் காற்றை உள்ளே தள்ளியது. இது போதவில்லை என்றால் தொண்டையில் குழாய் போட்டு, சுவாச இயந்திரத்தில் வைக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

"பேசாதீங்க. பேச்சுக்குச் செலவாகிற மூச்சு உங்களுக்கு வேணும்."

அதுவரை செத்துப்போவதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அங்கே யோசித்தேன். வெளிச்சம் அணையாத அறையில் பொழுது நகரவே நகராது. கண்ணை மூட முடியாததால் களிம்பு தடவி டேப் ஒட்டுவார்கள். டேப்பை எடுக்கும் வேளைதான் எனக்குக் காலை. சாவைவிட, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாத அவஸ்தை பெரிதாக இருந்தது. அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். 'உங்களை வைத்துப் படிக்கவில்லை' என்று சொல்ல வேண்டும். இன்ஷூரன்ஸ் என்னவாயிற்று என்று கேட்க வேண்டும். தொடையைச் சற்றே நகர்த்தச் சொல்ல வேண்டும். வாய்க்குள் வரிசையாக நின்றன, ஒன்றும் வெளியே போகவில்லை.

ஐ.சி.யூ.வில் காலை பதினொரு மணிக்கு அரை மணி நேரம், ஒருவருக்கு மட்டும் அனுமதி. இரண்டாம் நாள் அப்பா வந்தார். மேலே பச்சை அங்கி, முகத்தில் மாஸ்க். கையில் டைரி. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், "மிச்சத்தை எழுதிட்டேன். படிக்கட்டுமா?" என்று கேட்டார். பிறகுதான் நான் பதில் சொல்ல முடியாது என்பது உறைத்தது போலிருக்கிறது. படிக்கத் தொடங்கிவிட்டார்.

"சபாபதி சொன்னார்: அன்று காலை எட்டு மணிக்கே டாக்டர் சொல்லிவிட்டார், இன்றைக்குத் தாண்டாது என்று. ஒன்பது மணிக்கு மகள் போன் செய்தாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். தூங்குகிறாள் என்றேன். லீவு போட்டுவிட்டு வரட்டுமா என்றாள். வேண்டாம், சாயந்திரம் வா, ஒன்றும் அவசரமில்லை என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. வாயால் சொல்லிவிட்டால் நடந்துவிடும் என்று பயந்தேன். மூன்றே கால் மணிக்கு என் மனைவி போனாள். அதற்குக் கொஞ்சம் முன்னால் கண்ணைத் திறந்து, கோமதி வந்தாளா என்று கேட்டாள். வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். அதுவும் பொய்."

என் பெயர் வந்த அந்த ஒரு இடத்தில் மட்டும் 'மகள்' என்று எழுத மறந்திருந்தார்.

அன்று நான் ஆறு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். நியூ டவுனிலிருந்து டாக்ஸியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தேன். அம்மா சட்டென்று போய்விட்டாள், யாராலும் எதிர்பார்க்க முடியவில்லை என்று ஐந்து வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வந்தது கோபம். படித்ததெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. எழுந்து அந்த டைரியைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. 'ஏன் கூப்பிடலை?' என்று கத்தியிருப்பேன். இல்லையென்றால், அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், 'பரவாயில்லப்பா' என்று ஒரு பொய் சொல்லி மூடியிருப்பேன். இரண்டுக்கும் மூச்சு இல்லை. கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கை வரவில்லை. கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

அப்பா டைரியை மூடி மடியில் வைத்துக்கொண்டார். இயந்திரம் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் இருக்கலாம். பிறகு, எழுதாததைச் சொன்னார்.

"அன்னிக்கு அவ ரசம் சாதம் கேட்டா. ரெண்டு வாய் போதும்னா. டாக்டர் வாய் வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. நான் குடுக்கல." கைக்குட்டையை எடுத்து என் கன்னத்தைத் துடைத்தார். "குடுத்திருக்கலாம், கோமதி. என்ன ஆகியிருக்கும்?"

நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். அப்பா எழுந்து போனார்.

நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அந்த ரசம் சாதப் பேச்சு வெளியே வந்திருக்காது. இது எனக்கு அப்போது தோன்றவில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் தோன்றியது. அப்போது கோபம் மட்டும்தான் இருந்தது. ஒரு வகையில் அந்தக் கோபம்தான் நான் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சியாகவும் இருந்தது.

குழாய் போடும்படி ஆகவில்லை. பதினொன்று இரண்டு நாள் பதினொன்றாகவே நின்றது. பிறகு பதின்மூன்று. அப்புறம் பதினெட்டு. இமை மூடியது. நோய் ஏறி முடித்துவிட்டது, இனி இறங்கும் என்றார் டாக்டர். வார்டுக்குத் திரும்பிய அன்று, குரல் சரியாக வராதபோதே, அப்பாவிடம் முதலில் சொன்னது இதுதான்:

"நீங்க என்னைக் கூப்பிட்டிருக்கணும்."

"ஆமா," என்றார். "கூப்பிட்டிருக்கணும்."

காரணம் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவர் விடிகாலையில் எழுந்து அவித்துக் கொண்டுவந்த இட்லியை மாசியிடம் தள்ளிவிட்டேன். மாசி சட்னியோடு சாப்பிட்டுக்கொண்டே, "அப்பாவோட சண்டையா? நல்லது. சண்டை போடத் தெம்பு வந்துடுச்சு" என்றாள். எட்டாம் நாள் இட்லியை நானே சாப்பிட்டேன். கையைத் தூக்க முடியவில்லை, அப்பாதான் ஊட்டினார். கோபம் போய்விட்டதென்று சொல்ல முடியாது. பசி வந்துவிட்டது.

ஐந்து வாரம் ஆஸ்பத்திரி. பிறகு வீட்டில் பிசியோதெரபி; முதலில் உட்காருவது, அப்புறம் வாக்கரைப் பிடித்து நிற்பது, பிறகு ஒரு கைத்தடி. ரூபா தி வீட்டுக்கு வந்தார். கதை எழுதினாயா என்று கேட்டார்.

"பாதி நான். மீதி அப்பா."

"தெரபிஸ்ட் கடைசியில என்ன பதில் சொன்னாள்?"

"ஒண்ணும் சொல்லல. அவளுக்கு மூச்சு இல்ல."

ரூபா தி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அவருக்கு நீ தெரபிஸ்ட் ஆகிடாதே. நீ மகள். கோபப்பட உனக்கு உரிமை இருக்கு, அதை விட்டுடாதே" என்று மட்டும் சொன்னார். படிப்பைத் தொடரப் போகிறாயா என்று கேட்கவில்லை. தொடரப்போகிறேன் என்று நானாகச் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்தபோது அந்த உறுதி இல்லை. அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பேப்பரை மடித்துக்கொண்டே கேட்டார்: "உங்களை மாதிரி இருக்கிறவங்கள்ல... உன்னை விட்டு வேற யாராவது நல்ல ஆளா இருக்காங்களா?"

"யாருக்குப்பா?"

அவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவசரமாக, "தமிழ் பேசறவங்க இங்க யாரும் எனக்குத் தெரியாதேப்பா" என்றேன்.

"தமிழ் வேண்டாம். தமிழ்ல சொல்ல வெக்கமா இருக்கு. பெங்காலியில சொல்லிடுவேன்."

எங்கள் மையத்தில் அவரைப் பார்ப்பது முறையாகாது. ரூபா தி வேறொருவர் பெயரைக் கொடுத்தார். அதே பவானிபூரில், ஒரு துணிக்கடைக்கு மேலே முதல் மாடி. அப்பா தனியாகப் போகத் தயங்கினார். நான் கைத்தடியோடு கூடப் போனேன். படியில் அவர் என்னைப் பிடித்துக்கொண்டாரா நான் அவரைப் பிடித்துக்கொண்டேனா, தெரியாது. கதவு திறந்தது. வயதான ஒரு பெண்மணி, "ஆஷுன்" என்று உள்ளே அழைத்தார். அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

அந்த ஐம்பது நிமிஷம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், ஜன்னலுக்குப் போனேன். இவ்வளவு நாளாகக் கதவுக்கு உள்ளே இருந்தே பழகியவள். வெளியே காத்திருப்பவர்களுக்கு இப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்தேனா? ஒரு கட்டத்தில் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். உள்ளே அப்பாவின் குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. ரொம்ப நேரம் அவர் குரல் மட்டுமே கேட்டது. வெட்கப்பட்டுக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பினேன்.

வெளியே வந்தபோது அவர் மூக்கு சிவந்திருந்தது. நேராகப் படியிறங்கினார். கீழே தெருவில் ஆட்டோவுக்காக நின்றோம். என்னிடம் பத்துக் கேள்வி இருந்தது. அம்மாவைப் பற்றிச் சொன்னீர்களா? என்னைப் பற்றி? அவர் என்ன சொன்னார்? அழுதீர்களா?

"அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்காங்க," என்றார் அப்பா.

"ம்."

"நீ வர வேண்டாம். நானே வந்துக்கறேன்."

"சரிப்பா."

இரண்டு ஆட்டோக்கள் ஆள் நிறைந்து போயின. அப்பா தெருவின் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு நிற்பது, திரும்ப நடக்கக் கற்றுக்கொண்டதைவிடக் கஷ்டமாக இருந்தது. நின்றேன்.